பதினேழாவது எபிசோடில் என் கை

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
எழுபது கதவு என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது பின்வாசல் ஒன்றுதான்.
கல்யாணச் சமையலுக்கு அண்டா விளக்கப் போகையில்
அதுவழியே போவேன், அதுவழியே வருவேன்.

இந்தமுறை முன்வாசல்.
செத்துக் கிடக்க எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு.

கதாநாயகிக்குத் தரை சில்லிட்டால் தும்மல் வருமாம்.
அவள் முகத்தைப் பிறகு தனியே எடுத்துக்கொள்வார்கள்.
கழுத்துக்குக் கீழே நான்.
அவள் பட்டு, அவள் வளையல்,
ஊக்கு மட்டும் என்னுடையது.

மேக்கப் தம்பி என் கையைத் திருப்பிப் பார்த்து
"பணக்காரக் கையாத் தெரியணுமேக்கா" என்று
வெடிப்பெல்லாம் கிரீம் வைத்து அடைத்தான்,
சுவருக்குப் பட்டி பார்ப்பதைப்போல.

மூச்சை அடக்கு என்றார்கள். அடக்கினேன்.
கழுத்தில் துடிக்குது, கட் என்றார்கள்.
அதை அடக்குவது எப்படி என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
நாலாவது தடவை முடியை இழுத்துக் கழுத்தை மூடினார்கள்.

வெள்ளைக் கோட்டு, நீலக் கையுறை.
தடயவியல் நிபுணராக நடிப்பவர் மண்டியிட்டார்.
அவர் வாயில் பாக்கு மணந்தது.
என் பெருவிரலில் பிரஷ்ஷால் கறுப்புப் பொடி தடவி
"இறந்து எட்டு மணி நேரம்" என்றார்.

அப்போதுதான் ஒரு கண்ணை
மயிரளவு திறந்து பார்த்தேன்.
என் தலைமாட்டில் விஷம் கலந்த பால் டம்ளர்.
அடியில் மிச்சப் பால்
இன்னும் தளதளவென்று.

எட்டு மணி நேரமாம்.
வெள்ளியோ எவர்சில்வரோ,
இந்தச் சித்திரை வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும்,
பால் காய்ந்து தகடாகிவிடும்.
நகம் போட்டுச் சுரண்டினாலும் விடாது.
எனக்கா தெரியாது?
யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.
இவள் இதைக் குடித்துச் சாகவில்லை.
கொன்றவன் இன்னும்
இந்த எழுபது கதவுக்குள்தான் இருக்கிறான்.

டீ இடைவேளையில் உதவி டைரக்டரிடம் சொன்னேன்.
தினகர் என்று பேர், சின்னப் பையன்.
"அக்கா, பொணம் பேசக்கூடாது" என்று சிரித்தான்.
பிறகு டம்ளரைப் பார்த்துக் கொஞ்சம் நின்றான்.
பிறகு போய்விட்டான்.

சாயங்காலம் வவுச்சர் நீட்டினார்கள்.
'பாடி, 1 ஆள்' என்று இருந்தது.
பக்கத்தில் செம்பாயி என்று கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு ராத்திரி,
பஞ்சவர்ணம் வீட்டு டிவியில் பார்த்தோம்.
என் கை வந்தது. தெருவே கைதட்டியது.
பெருவிரலை நெருங்கிப் போனது கேமரா,
கம்ப்யூட்டரில் பச்சைப் பச்சையாய் ரேகை விரிந்தது,
வெட்டிய மரத்தின் உள்வட்டம்போல
ஒரு கோடும் அறாமல்.
இரண்டே நொடி. பேர், வயசு, விலாசம், ரத்தவகை.
"அது உன் கை இல்லம்மா" என்றான் மகன்.
கை என்னுதுதான்டா.
ரேகைதான் யாருதோ.

அப்புறம் நிபுணர் டம்ளரைத் தூக்கி
வெளிச்சத்தில் சாய்த்தார்.
"பால் காயவில்லை.
கொலைகாரன் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறான்."
பின்னணியில் டமார் என்று ஒரு சத்தம்.
"மூளையப் பாரேன் அந்தாளுக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.
நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை ரேஷன் கடை.
பெருவிரல் வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
சோப்புத்தூளும் சோடாக்காரமும் தின்றது போக
மிச்சம் என்ன இருக்கிறதோ
அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.
"தலைல தேச்சு எண்ணெப்பசையோட வைங்க" என்றார் கடைக்காரர்.
அதுவும் செய்தேன்.
நீங்கள் நீங்கள் இல்லை என்றது மெஷின்,
இங்கிலீஷில், ஒரு பெண் குரலில்.

பின்னால் வரிசையில் யாரோ
டம்ளர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா ஒரு தடவை. ஆடாம வைங்க."

மூச்சை அடக்கிக்கொண்டு
வைத்தேன்.