எழுப்புகிறவள்

கண்ணைத் திறங்க. பேர் சொல்லுங்க.
ஒரு நாளைக்குப் பதினோரு பேர், பன்னிரண்டு பேர்.
உதட்டோரம் காதை வைத்தால்தான் கேட்கும்.
"சின்னபாப்பா" என்றாள் ஒருத்தி.
பெயருக்கு முன்னால் மூச்சு வந்தது:
கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் நகப்பூச்சு.
முதல் வருஷம் அந்த வாசனை தெரிந்தது.
இப்போது தெரிவதில்லை.
போய்விட்டது என்று அர்த்தமில்லை.

தியேட்டரில் மெஷினுக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு,
மிச்ச வாயு வெளியே போக.
ஏ.சி. மாட்டியபோது ஜன்னலை அடைத்தார்கள்.
திம்மராசு குழாயைச் சுருட்டி
அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார்.
"சேலத்திலிருந்து ஆள் வரணும் சிஸ்டர்."
தக்காளி கிலோ நூறு விற்றபோதும் சொன்னார்,
பாலக்கோட்டில் ரோட்டில் கொட்டியபோதும் சொன்னார்.

என் ரெக்கவரி அறைக்கு அந்தக் குழாயும் கிடையாது.
எட்டுக் கட்டில், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.
அதில் மைனா குஞ்சு பொரித்ததால்
ஒரு மாதம் போடவில்லை.
பாவம், இருக்கட்டும் என்று
நான்தான் சொன்னேன்.

நாகவேணிக்கு இரண்டு முறை நாள் தள்ளி
இரண்டு முறையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை.
மாமியார் எள்விளக்கு போடச் சொன்னாள்.
டாக்டரம்மா ரத்தசோகை என்றார்.
வாயுவால்தான் என்று நான் சொல்லவில்லை,
சொல்வதற்கு என்னிடம் ஒரு எண்கூட இல்லை.
நோயாளிக்கு எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம்,
எல்லாம் சார்ட்டில் இருக்கிறது.
நாங்கள் இழுத்ததற்கு
ரிஜிஸ்டர் இல்லை.

எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு.
அப்பா பல்லில் பழுப்புக் கோடு, என் பல்லிலும்.
வந்த அதிகாரிகளிடம் வரிசையாக நின்று
பல்லைக் காட்டினோம்.
பிறகு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது.
போன வாரம் மயக்க மருந்து பாட்டிலோடு வந்த
தாளைப் பிரித்துப் படித்தேன்.
அதிலும் ஃபுளோரின்தான், வேறு வேஷத்தில்.
இது கறை வைக்காது.
இதற்கு எதை இளித்துக் காட்ட?

மனு எழுதினேன். ஏழு கையெழுத்து.
"தலைவலிக்கெல்லாம் மனுவாம்மா?" என்று
மேனேஜர் ஓர் அட்டை மாத்திரை கொடுத்தார்.
நாகவேணி கையெழுத்துப் போடவில்லை.
மறுபடி நாற்பது நாள் ஆகியிருக்கிறது அவளுக்கு,
வேலை போனால் ஸ்கேனுக்குப் பணமில்லை.
அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டு
அவள் டியூட்டியையும் நானே பார்க்கிறேன்.
அது நல்லதா, முட்டாள்தனமா,
யோசிக்க ராத்திரியில் தெம்பில்லை.

எட்டு இருபது பென்னாகரம் பஸ்.
உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.
இண்டூர் தாண்டியது தெரியாது.

தோளைத் தட்டுகிறது ஒரு கை.
"அக்கா, கண்ணைத் திறங்க. எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கிறேன்.
குனிந்திருந்த கண்டக்டர் பையன்
முகத்தை லேசாகத்
திருப்பிக்கொள்கிறான்.