மூன்று குடம்

போட்டைக் கட்டி இருபது நாளாகிறது.
தடைக்காலத்தில் மண்டபத்து ஆண்கள்
எதையாவது பிரிப்பார்கள், எதையாவது பூட்டுவார்கள்.
கிளமெண்ட் இந்த வருஷம்
கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார்,
அடியில் வைக்கத் தெர்மாகோல், ஒரு குட்டி மோட்டார்,
வாளியில் ஒற்றைத் தங்கமீன்.

ரோஷ்லின் கரையிலிருந்து
சிப்பியும் மணலும் அள்ளி வந்தாள்.
“உப்புடி, அது தாங்காது.”
ராம்நாட்டுக் கடையில் வாங்கிய கூழாங்கல்லை
ஏழு தடவை அலசினார்.

காவிரித் தண்ணி குடம் பன்னிரண்டு ரூபாய்.
மூன்று குடம் பிடித்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
காலிக் குடத்தைத்தான்
கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

மருந்து வாசம் போக
இரண்டு நாள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
போகவர விரல் நனைத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
உப்பில்லை என்பதை
அவரால் நம்ப முடியவில்லை.

கையில் டீசல் இருக்குமென்று
புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான்
மீனைப் பையோடு மிதக்க விட்டார்.
“எவ்வளவு எடை வரும்?”
“கழிசல்ல போற சைசு” என்றவர்
பிள்ளை காதில் விழுந்ததா என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
குமிழி நின்றதும்
கடல் பக்கத்து அறைக்கு வந்துவிட்டது.
டார்ச்சை வாயில் கவ்வியபடி
டம்ளரில் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்,
மொண்டு, ஊற்றி, மொண்டு.
காற்று வேண்டுமாம். பாதிதான் புரிந்தது.

காலையில் லாரி வராதென்று சொல்லத்தான் எழுந்தேன்.
டம்ளர் ரொம்பச் சிறிசு.
சொம்பை எடுத்துக் கொடுத்தேன்.