கையிருப்பு

நினைவு மலருக்கு அரைப் பக்கம் கேட்டிருக்கிறார்கள்.
கப்பலின் பணி வரலாறு, இருபதாம் தேதிக்குள்.
புதுவயல் அரிசி ஆலையில்
எடைமேடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

நீரில் இறங்கிய வருடம், கொடி ஏறிய நாள்,
ஓடிய கடல்மைல் எல்லாம் அவர்களிடமே இருக்கிறது.
சுட்ட குண்டு: இல்லை.
மூழ்கடித்த கலம்: இல்லை.
பெற்ற கேடயம்: சமையல்கட்டுச் சுத்தத்துக்கு, இரண்டு முறை.

போர்க்கப்பலில் இருந்த நம்ம பையன்கள்
அவளை மளிகை என்பார்கள்.
"மளிகை எப்பண்ணே வரும்?"

வருவோம்.
நாற்பது மீட்டர் இடைவெளி, ஒரே திசை, ஒரே வேகம்,
நடுவில் கடல் பிதுங்கி எழும்.
முதலில் சுண்டுவிரல் பருமனில் ஒரு கயிறு பறக்கும்.
அதைப் பிடித்து அடுத்தது,
அதைப் பிடித்து இரும்புக் கம்பி,
கம்பியில் தொங்கிக்கொண்டு குழாய்.
எண்ணெய், குடிதண்ணீர், வெங்காயம், தபால்,
பல்வலி மாத்திரை,
ஒருமுறை ஒரு ஆர்மோனியம், நனையாமல்.
கொடுக்கக் கொடுக்க நாங்கள் லேசாகி மேலே வந்தோம்.
வாங்கியவன் கனத்துத் தாழ்ந்தான்.
வட்டிக்கு விட்டே வீடு கட்டிய ஊர்ப்பக்கம் பிறந்தவனுக்கு
இது பிடிபடச் சில வருடம் ஆனது:
கொடுத்தது திரும்பாது,
கணக்கு மட்டும் நேராக வேண்டும்.

இனி வருவது மலருக்கு இல்லை.
ஆடி மாதக் கடல், இரவு இரண்டு மணி.
கம்பி அறுந்தது.
அறுகிறபோது சத்தமில்லை, சத்தம் அப்புறம்தான் வந்தது.
பெஹெரா, ஒடிசாக்காரன்,
எனக்கு மேல்படுக்கை, தூக்கத்தில் பல்லைக் கடிப்பான்.
வலது கை, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.
உறையோடு போயிற்று.

காலையில் இருப்புப் புத்தகத்தைத் திறந்தேன்.
தோல் கையுறை, ஜோடிக் கணக்கு.
நாற்பத்தெட்டு இருக்க வேண்டும்,
நாற்பத்தேழரை இருந்தது.
அரைக்குக் கட்டம் கிடையாது.
'ஜோடி ஒன்று, கடலில் தவறியது'
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
கைக்கு என் புத்தகத்தில் பத்தி இல்லை.
அது மருத்துவப் பிரிவு.

மிஞ்சிய இடது உறை கணக்கில் இல்லாத பொருள்.
ஒப்படைக்கலாம், அல்லது தூக்கிக் கடலில் போடலாம்.
இரண்டும் செய்யவில்லை.
பதினேழு வருட சர்வீசில் நான் திருடியது அது ஒன்றுதான்.

முப்பத்திரண்டு வருடம் ஓடினாள்.
பிறகு எடைக்குப் போட்டார்கள், டன் இவ்வளவு என்று.

போன தை மாதம் காரைக்குடிப் பழம்பொருள் தெருவில்
எனாமல் அடுக்குகளுக்கும் கண்ணாடிக் குடுவைகளுக்கும் இடையில்
ஒரு பித்தளைக் கப்பல் மணி.
"போர்க்கப்பல் சார், பீரங்கி வெச்சது" என்றார் கடைக்காரர்.
கைக்குட்டையால் தேய்த்துப் பெயரைப் படித்தேன்.
எங்களுடையது இல்லை.
இருந்திருந்தால் மட்டும் என்ன, ஆலையில் ஏற்கெனவே சங்கு ஊதுகிறது.

பாய்லர் பார்க்கும் செவத்தானுக்கு இடதுகைப் பழக்கம்.
நெல் அவியும்போது உலைக்கதவைத் திறக்க
அந்த உறையைத்தான் மாட்டுகிறான்.
இரண்டு தடவை தையல் விட்டது,
பேருந்து நிலையத்தில் கொடுத்துத் தைத்தாயிற்று.
யாருடையது என்று அவன் கேட்டதில்லை.
வலதுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டான், ஒருநாள்.

ஆக, அரைப் பக்கம்.
வழங்கியது: கேட்டதெல்லாம்.
கையிருப்பு: ஒன்று, இடது, உபயோகத்தில்.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
சீட்டை வாங்கி, பின்பக்கம் பார்க்காமல்
சட்டைப் பையில் மடித்துப் போட்டுக்கொண்டு
தேவகோட்டைப் பக்கம் திரும்புகிறான்.

நான் இன்னொரு சீட்டைக் கிழிக்கிறேன்.
நீரில் இறங்கிய வருடம்,
கொடி ஏறிய நாள்.