பதினேழாம் இலக்கம்

டூங்காபி மண்டபத்தில் ஹீட்டர் வேலைசெய்யவில்லை.
தரையெல்லாம் நெட்போல் கோடுகள்.
நீலக் கோட்டுக்கு அந்தப்பக்கம் அரண்மனை என்றார்கள்.

எனக்கு முன்னால் பதினாறு அரசர்கள்.
ஆரூரன் கர்ஜித்த கர்ஜனையில்
மடக்குக் கதிரை ஒன்று தானாக மடிந்தது.
நானும் அரசனுக்குத்தான் வந்தேன்,
வெஸ்ட்மீட் தாண்டும்வரை
வாய்க்குள் வாள் சுழற்றிக்கொண்டு,
வேலைச் சட்டையில் கோழிப்பொரியல் மணக்க.

சுகிர்தா தாளைப் புரட்டினார்.
"நீ தூதுவனை வாசி."
ஒரே வரி:
கோட்டை வீழ்ந்தது, அரசே.

உரக்கச் சொன்னேன். சிரித்தார்கள்.
கோட்டைக்கு முன்னமே
என் ழகரம் விழுந்துவிட்டது.

"இன்னொருக்கா.
அவனுக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை, விளங்குதா?"

விளங்கியது.
போன மார்ச்சில்
மாமாவின் செய்தி வந்த தொலைபேசியைக்
கவிழ்த்து வைத்துவிட்டு
அம்மா சாப்பிட்டு முடியும்வரை அப்பா
எதிரே இருந்து
மோர் விடட்டா,
இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா
என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அரசனாக நிற்க ஆரூரனைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.
நீலக் கோட்டைத் தாண்டினேன்.
அவன் சப்பாத்தின் நாடா அவிழ்ந்து கிடந்தது.
குனிந்து
இறுக்கிக் கட்டினேன்.
இன்னொரு முடிச்சும் போட்டேன்.
பிறகு, எழும்பாமலே,
சொன்னேன்.

சிரிக்கவில்லை.
சுகிர்தா எதையும் எழுதவுமில்லை.
"பதினெட்டு" என்றார்.

ரயில் மேடையில் குளிர்.
நெஞ்சில் இன்னும் குத்தியபடி இலக்கம்.
ஆரூரனிடமிருந்து ஒரு செய்தி:
டேய், இந்த முடிச்சு
அவிழுதில்லை.