இரண்டடி முன்னால்

பழைய வண்டியை நான் விற்றது
பாம்பன் பாலத்தின் இறக்கத்தில்.
கையெழுத்துப் போட்டது ஒன்பது நாள் கழித்து
ராமநாதபுரத்தில், கண்ணாடிக் கதவு வைத்த ஆபீசில்.
ஆனால் விற்றது அங்கேதான்,
ஆடிக் கச்சான் குறுக்கே அடிக்க
பின்னால் ட்ரெய்லரில் 'வியாகுல மாதா'
இருபத்தெட்டடி ஃபைபர் படகு
சோறு கண்ட நாயின் வாலாக
வலமும் இடமும் போய்வந்தபோது.

ஏறும்போது வெறும் மூச்சிரைப்பு.
இரண்டாம் கியர், பிறகு முதல் கியர்,
கிளட்ச் தீயும் நாற்றம்.
படகுக்காரர் ரொசாரி சொன்னார்:
"இதுக்குக் கடல்வழியாவே வந்திருக்கலாம்."
அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

இறங்கும்போது
நான் இழுத்து வந்தது
என்னைத் தள்ளத் தொடங்கியது.
பிரேக்கை மிதித்தால்
வண்டிக்கு நிற்க மனசிருந்தது,
படகுக்கு இல்லை.
கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் கடல்
இதில் தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல்
பச்சையாகக் கிடந்தது.
இன்னாசி பக்கத்து சீட்டில்
ஜெபத்தையும் கெட்ட வார்த்தையையும்
ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு வந்தான்.

தரகர் நம்புவேல் காட்டிய வண்டி
வெள்ளை. நாலு சக்கரமும் இழுக்கும்.
"மலைவண்டி அண்ணே, ஏலக்காய் ஏத்தினது,
கடல் எந்தத் திசைன்னே தெரியாது இதுக்கு."
குனிந்து பார்த்தேன், அடியில் துரு இல்லை.
பிலோமி ஒன்றுதான் கேட்டாள்:
"எத்தனை மாசத் தவணை?"
"நாற்பத்தெட்டு."
"அதுவரைக்கும் உப்பு பொறுக்குமா?"

வேதாளை மணலில் முதல் படகு.
வழக்கம்போல் எட்டுப் பேர்
கைலியை மடித்துக் கட்டி நின்றார்கள்,
பலகை, பனைமட்டை, ஏலேலோவுக்குத் தொண்டை
எல்லாம் தயார்.
ஒரு நெம்பைத் தள்ளினேன்.
சக்கரம் மணலைத் தோண்டவில்லை,
மென்றது.
படகு நீரைவிட்டு ஏறி
ரோட்டுக்கு வந்துவிட்டது.
எட்டுப் பேரும் கைகளை
என்ன செய்வதென்று தெரியாமல்
பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
அன்றைக்கு அவர்களின் தள்ளுகூலி
எனக்கு மிச்சம். அதை நினைத்து
நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

மறுவாரம் தங்கச்சிமடத்திலிருந்து மண்டபத்துக்கு.
அதே பாலம், அதே இறக்கம்,
அதே 'வியாகுல மாதா'.
வால் ஆடியது.

மண்டபத்தில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு
புது வண்டியின் சக்கரத்தை எட்டி உதைத்தேன்.
மெக்கானிக் கலந்தர் பீடியை எடுக்காமலே
ட்ரெய்லரின் மூக்கை ஒரு கையால் தூக்கினார்.
ஒரே கையால்.
"மூக்குல பாரமே இல்லையேப்பா.
எஞ்சின் பின்னால, ஐஸ்பெட்டி பின்னால,
வலையும் பின்னால.
பின்னால கனத்தா ஆடத்தான் செய்யும்.
படகை ரெண்டடி முன்னால தள்ளு."

தள்ளினோம். நானும் இன்னாசியும் ரொசாரியும்.
செலவு மூன்று டீ.
வந்த வழியே சும்மா ஒரு தடவை
பாலம் ஏறி இறங்கிப் பார்த்தோம்.
கச்சான் அதே வேகம்.
கண்ணாடியில் படகு
ஆணி அடித்த படம்.
இன்னாசி பேசவேயில்லை,
என் முகத்தையும் பார்க்கவில்லை.
நல்ல பையன்.

பழைய வண்டி இப்போது பாம்பனில் ஐஸ் ஏற்றுகிறது.
வாங்கினவர் ஜெஸ்டின், எதிரில் வந்தால்
ஹார்ன் அடித்து நிறுத்துவார்:
"தங்கமான வண்டி, ஏன் வித்தீங்க?"
"கிளட்ச்" என்பேன்.

கலந்தரிடம் சொல்லவில்லை, பிலோமியிடமும்:
பாதிக் கடன் மணலுக்கு.
அது நியாயம், மணலைக் கேளுங்கள்.
மீதிப் பாதி
அந்த இரண்டடிக்கு.
மாதம் ஐந்தாம் தேதி
போனில் வரும் செய்தியில்
அப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை.

இப்போதெல்லாம் கிளம்புமுன்
கொக்கியில் மாட்டுவதற்கு முன்
ட்ரெய்லரின் மூக்கை
ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறேன்.
தூக்க வந்தால்
இன்னாசியைக் கூப்பிடுகிறேன்.