கழுவுநீர்

ஐந்து வீதக் காஸ்டிக் சோடாவில்
பனந்தும்பு கிடக்கிறது.
அறைச் சூடு. நான்கு மணித்தியாலம்.
கொப்பியில் எழுதியிருப்பது அவ்வளவுதான்.
தண்ணீர் முதலில் தேத்தண்ணி நிறம்,
பிறகு கோப்பி,
பிறகு பேர் வைக்க முடியாத ஒரு கறுப்பு.

மெழுகு போகிறது, இலிக்னின் போகிறது,
வெயிலுக்கும் சோளகத்துக்கும்
மரம் பூசிவைத்த பிடிவாதம் போகிறது.
வழவழத்த நாரைப் பிசின் பற்றாது.
காயப்பட்ட நாரைத்தான் பற்றும்.
அறிக்கையில் இதை நான்
மேற்பரப்புக் கரடு கூடியது என்று எழுதினேன்.

மின்சாரம் போய்வந்த ஓர் இரவு
சூடாக்கி தானாய் ஏறியதை
யூட் றெக்ஸன் கவனிக்கவில்லை.
விடிய அள்ளினால் கையோடு வந்தது
குழைந்த இடியப்பம்.
"வடிவா வெளுத்திருக்கு அக்கா."
இழுவைப் பொறியில் மாட்டினோம்.
முள் அசையவேயில்லை.

கோப்பாய்க் கொட்டிலுக்கு
மினி பஸ் முதலாளி அருமைத்துரை வந்தார்.
நாங்கள் வார்த்த கதிரை முதுகைக்
குத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார்,
முழுப் பாரத்தோடும் சாய்ந்தார்.
"நாப்பது தாங்கோ" என்றார்.
செருப்பைக் கொளுவிக்கொண்டே கேட்டார்:
"உந்தக் கறுத்தத் தண்ணியை எங்க ஊத்திறியள்?"

சுவரின் பின்னால் பதினொரு பீப்பா.
கதிரையின் அடியில் ஒட்டப்
பச்சை இலைப் படம் அச்சடித்தாயிற்று.
எங்கள் நிலமோ சுண்ணாம்புக்கல்,
உள்ளெல்லாம் பொந்து.
இங்கே ஊற்றினது
எந்த வளவின் கிணற்றில் எழும்பும் என்று
ஆருக்குத் தெரியும்?

தவறணையில் மிஞ்சிப் புளித்த கள்ளை
வினாகிரியாக்கி வாங்கிவந்தேன்.
அதே மரத்தின் காரத்தை
அதே மரத்தின் புளி அடக்கட்டும் என்று
ஒரு கணக்கு. கணக்கென்ன, ஆசை.
ஒரு போத்தல். பாசிச்சாயத்தாள் நீலம்.
பத்துப் போத்தல். நீலம்.
யூட் கல்குலேற்றரைத் தட்டினான்:
பீப்பா ஒன்றுக்கு ஒன்றரைப் பீப்பா வினாகிரி.
"கதிரையை விட ஊறுகாய் போடலாம் அக்கா."
சிரித்தோம், ஆனாலும் ஒரு வாளியை முடித்தோம்.
அடியில் மண்ணிறச் சேறு இறங்கியது.
மேலே தெளிந்ததும் கறுப்புத்தான்,
கொஞ்சம் மரியாதையான கறுப்பு.

இப்போது பழைய தண்ணீரைக் கொட்டுவதில்லை.
குறைந்த சோடாவை மட்டும் சேர்த்து
அதிலேயே அடுத்த தும்பை இறக்குகிறோம்.
மூன்றாம் தடவையில் நார் கொஞ்சம் முரண்டுகிறது.
அருமைத்துரைக்கு அறிவித்தேன்:
நாற்பது இல்லை, ஆறு.
"ஆறு கதிரைக்கு ஆர் பஸ் விடுறது?"
அவர் கேட்டதும் நியாயம்தான்.

பின்னேரம் கிணற்றில் ஒரு வாளி அள்ளி
தாளை நனைத்தேன்.
மெல்லிய நீலம்.
சுண்ணாம்புக் கிணறு
எப்போதும் கொஞ்சம் நீலம் காட்டும்.
முதல் பீப்பா வருவதற்கு முன்
இதை ஒரு தடவை
நனைத்துப் பார்த்து வைத்திருக்கலாம்.

இந்த நீலம் கல்லினுடையதா,
என்னுடையதா?
தாளைக் கொப்பிக்குள் வைத்து
திகதி போட்டேன்.