கடைமடை

டூட்டி ஏறி நாற்பத்து நான்காம் மணி நேரம்.
என்னை மாற்ற வேண்டியவனுக்கு டெங்கு.
திருவாரூர், ஆண்கள் வார்டு, விடிகாலை மூன்றேகால்.
வயிற்றுவலி என்று வந்தார் வைரக்கண்ணு.
கொள்முதல் நிலைய வாசலில்
ஒன்பது நாளாய்க் குறுவை நெல்லுக்குக் காவல்,
மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே படுக்கை.
"ராத்திரி என்ன சாப்ட்டீங்க?"
"பரோட்டா."
புண் வயிற்றுக்கான ஊசியை எழுதினேன்.
என் கையெழுத்து கோட்டை விட்டிறங்கி
தாளின் விளிம்புக்கு ஊர்ந்திருந்ததை
மறுநாள்தான் பார்த்தேன்.

மேட்டூரில் திறப்பது
ஒவ்வொரு மதகிலும் பங்கு பிரிந்து வருகிறது.
தூக்கமும்தான்.
பேராசிரியர், உதவிப் பேராசிரியர்,
முதுநிலை மூன்று, இரண்டு, ஒன்று.
கடைமடையில் ஹவுஸ் சர்ஜன்.

நாலு மணிக்கு அவர் மனைவி வந்து நின்றார்.
"கண்ணத் தொறக்க மாட்டேங்குறாரு."
தூங்கட்டும்மா, என்றேன்.
அந்தச் சொல்லில் இருந்த பொறாமை எனக்கு மட்டும் தெரியும்.
அவர் நகரவில்லை.
"தொறக்கத்தான் பாக்குறாரு. முடியல."

டார்ச் அடித்தேன்.
நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி
பாதி இமையைத் தூக்கப் பார்க்கிறார்.
நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.
ஒரு நொடி, விஷம் யாருக்கு என்று குழம்பிப்போனது.

கட்டுவிரியன்.
தூங்குகிறவன் சூட்டுக்கு வரும்.
பல் பட்ட இடம் தெரியாது. வலி வயிற்றில்.
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

பத்துக் குப்பி மருந்து. தொண்டையில் குழாய்.
வென்டிலேட்டர் காலியாகும்வரை பையை அழுத்தினேன்,
அழுத்து, விடு, அழுத்து,
என் மூச்சும் அந்தக் கணக்கிலேயே ஓடியது.
ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து டீ கேட்டார்.
நெல்லை எடுத்துட்டானுங்களா என்றும் கேட்டார்.

இப்போது ஆணை வந்துவிட்டது:
பன்னிரண்டு மணி நேரம், அப்புறம் வீடு.
கேட்டு மனுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.
அன்றைக்கே இது இருந்திருந்தால்
தூங்கி எழுந்து வந்த எவனோ
மூன்றேகாலுக்கே அந்த இமையைப் பார்த்திருப்பான்.
எனக்குக் கட்டுவிரியன்
இன்னும் ஐந்து மதிப்பெண்தான்.

எட்டு மணி. ஏழாம் படுக்கையை
நோட்டில் மூன்று வரியாக ஒப்படைத்துவிட்டு
பஸ் ஏறினேன்.
ஓடம்போக்கிப் பாலத்தில் நெரிசல்.
கீழே ஆறு ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு போகிறது.
ஏழாம் படுக்கைப் பையன்
மூச்சை எண்ணினேனா, எண்ணியதாக எழுதினேனா?
போனை எடுத்தேன்.
அங்கே இப்போது யார் டூட்டி என்று
எனக்குத் தெரியவில்லை.